பொதியாக்கத்தில் மொழிபெயர்ப்புக் கோப்புகள்: புதிய பொதியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் பொதி (நிறுவத்தக்க வடிவில் கட்டப்பட்ட மென்பொருள் தொகுப்பு) ஒன்றில் ஒரு நூலகக் கோப்பு விடுபட்டால் நிரல் தொடங்கவே தொடங்காது. அமைப்புக் கோப்பு தவறான இடத்தில் இருந்தால் பிழைச்செய்தி வரும். மொழிபெயர்ப்புக் கோப்பு விடுபட்டாலோ எதுவுமே நடப்பதில்லை. பில்ட் (மூலநிரலிலிருந்து பொதியை உருவாக்கும் பணி) வெற்றிகரமாக முடிகிறது, நிரலும் ஆங்கிலத்தில் குறையின்றி இயங்குகிறது. அதைத் தமிழில் எதிர்பார்த்துத் திறந்தவர், இதை இன்னும் யாரும் மொழிபெயர்க்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். வழு அறிக்கைகூட வராது. தன்னார்வலர் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை, பொதியாளரின் கையில் கடைசிக் கட்டத்தில் இப்படிச் சத்தமின்றிக் காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்புக் கோப்புகளைப் பொறுத்தவரை, இழப்பு நேர்ந்தால் அது தானாகவே கண்ணில் படும்படி ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்பாடு செய்துகொள்வதுதான் பொதியாளரின் முதன்மையான வேலை. அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்தக் கோப்பு எதற்கு

பெரும்பாலான கட்டற்ற மென்பொருள்கள் க்னூ கெட்டெக்ஸ்ட் முறையைப் பின்பற்றுகின்றன. இதில் மூன்று வகைக் கோப்புகள் உண்டு. மூலநிரலில் மொழிபெயர்ப்புக்கென்று குறிக்கப்பட்ட சரங்களை எக்ஸ்கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி திரட்டித் தருவது பிஓடி கோப்பு. இது வெற்று வார்ப்புரு. அதிலிருந்து மொழிக்கு ஒன்றாக உருவாவது பிஓ கோப்பு. மொழிபெயர்ப்பாளர் திருத்துவது இதைத்தான். பிஓ கோப்பை எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவி இருமக் கோப்பாக மாற்றித் தருவது எம்ஓ கோப்பு. நிரல் இயங்கும்போது படிப்பது எம்ஓ கோப்பை மட்டுமே என்பதால், பொதிக்குள் போக வேண்டியதும் அது மட்டுமே.

தமிழ் எம்ஓ கோப்பின் வழக்கமான இடம் /யுஎஸ்ஆர்/ஷேர்/லோகேல்/டிஏ/எல்சி_மெசேஜஸ் என்னும் அடைவு. இதில் டிஏ என்பது தமிழின் மொழிக்குறி. அங்கே கோப்பின் பெயர் நிரலின் டெக்ஸ்ட் டொமைன், அதாவது அதன் மொழிபெயர்ப்புத் தொகுதியைச் சுட்டும் பெயராக இருக்கும். இந்த டொமைன் பெயரும் பொதியின் பெயரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று புதியவர்கள் கருதிவிடுவதுண்டு; அப்படி எந்த விதியும் இல்லை. ஜிடிகே3 நூலகத்தின் டொமைன் ஜிடிகே30 என்பது, அதோடு ஜிடிகே30-ப்ராப்பர்ட்டீஸ் என்று இன்னொன்றும் உண்டு. ஒரே பொதியில் நிரலுக்கு ஒன்று, அதன் நூலகத்துக்கு ஒன்று, நீட்சிகளுக்கு ஒன்று என்று பல டொமைன்கள் இருப்பது இயல்பே. ஆகையால் மூலநிரலில் பைண்ட்டெக்ஸ்ட்டொமைன் என்னும் அழைப்பைத் தேடி, எந்தெந்தப் பெயர்கள் கொடுக்கப்பட்டுள்ளன என்று முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடைவின் பெயர் குறித்தும் ஒரு விவரம் தேவை. பயனரின் லோகேல் (மொழியையும் நாட்டையும் குறிக்கும் அமைப்பு) டிஏ_ஐஎன், அதாவது இந்தியத் தமிழ், என்றிருந்தால், கெட்டெக்ஸ்ட் முதலில் அந்தப் பெயருள்ள அடைவிலும், அங்கே கிடைக்காவிட்டால் டிஏ என்னும் பொது அடைவிலும் தேடும். டிஏ_எல்கே (இலங்கைத் தமிழ்) என்று அமைத்திருப்பவருக்கும் இதே முறைதான்: முதலில் டிஏ_எல்கே, பிறகு டிஏ. ஆனால் அது டிஏ_ஐஎன் அடைவை ஒருபோதும் எட்டிப் பார்க்காது. பொதுவான தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று டிஏ_ஐஎன் என்ற பெயரில் வைக்கப்பட்டிருந்தால், வேறு நாட்டு லோகேலைத் தேர்ந்தவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இத்தகைய பெயரிடலைக் கண்டால் பொதியில் மாற்றுவதோடு நிறுத்தாமல், மூலத் திட்டத்தாரிடம் சொல்லித் திருத்தச் செய்வது நல்லது.

மூலத்தைத் திறந்ததும்

மூலநிரல் காப்பகமான டார்பாலைப் பிரித்தவுடன் பிஓ அடைவுக்குள் சென்று, அங்குள்ள கோப்புகளின் பட்டியலையும் லிங்வாஸ் என்னும் கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடுங்கள். மெசான், ஆட்டோடூல்ஸ் ஆகிய பில்ட் அமைப்புகளில் எந்த மொழிகளைத் தொகுக்க வேண்டும் என்பதை வழக்கமாக லிங்வாஸ் கோப்பே தீர்மானிக்கிறது. டிஏ.பிஓ கோப்பு அடைவில் முழுமையாக இருந்தும் லிங்வாஸில் டிஏ என்ற ஈரெழுத்து இல்லாவிட்டால், அந்த மொழிபெயர்ப்பு தொகுக்கப்படாது, எச்சரிக்கையும் வராது. நான் பார்த்தவரை மொழிபெயர்ப்புகள் தொலைந்துபோகும் இடங்களில் மிகப் பொதுவானது இதுதான்.

இதே பெயரில் ஒரு சூழல் மாறியும் உண்டு என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பில்ட் நடக்கும் சூழலில் லிங்வாஸ் என்னும் மாறிக்கு மதிப்பு தரப்பட்டிருந்தால், ஆட்டோடூல்ஸ் வழிப் பில்ட் அந்த மாறியில் உள்ள மொழிகளை மட்டுமே நிறுவும். தம் சொந்தக் கணினியில் இதை அமைத்துவைத்துவிட்டு மறந்துபோனவர், மற்ற மொழிகள் எல்லாம் ஏன் மறைந்தன என்று நெடுநேரம் தேட நேரிடும். லினக்ஸ் வழங்கலின் தூய பில்ட் சூழலில், அதாவது ஃபெடோராவின் மாக்கிலோ டெபியனின் எஸ்பில்டிலோ, பொதியை உருவாக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

அடுத்து, மூலம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சில திட்டங்கள் மொழிபெயர்ப்புகளை நிரலின் கிட் களஞ்சியத்தில் வைப்பதில்லை; வேறிடத்தில் பராமரித்து, வெளியீட்டின்போது மட்டும் டார்பாலுக்குள் சேர்க்கின்றன. அத்தகைய திட்டத்தில் கிட் குறிச்சொல்லிலிருந்து தானாக உருவாகும் காப்பகத்தை எடுத்துப் பொதியாக்கினால் ஒரு மொழிகூட வராது. திட்டத்தார் தாமே வெளியிட்ட டார்பால் இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் பிரித்துப் பிஓ கோப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

ஏற்கெனவே தொகுக்கப்பட்ட எம்ஓ அல்லது ஜிஎம்ஓ கோப்புகள் மூலத்திலேயே இருந்தால், அவற்றை அழித்துவிட்டுப் பிஓ கோப்புகளிலிருந்து புதிதாகத் தொகுக்கும்படி செய்யுங்கள். இருமக் கோப்பு பழைய பிஓவிலிருந்து வந்திருக்கக்கூடும். மூலத்திலிருந்து எல்லாவற்றையும் உருவாக்க முடியும் என்ற வழங்கலின் கொள்கைக்கும் அதுவே பொருந்தும்.

பில்டின்போது

பில்ட் சார்புகளில் கெட்டெக்ஸ்ட் பொதியைச் சேர்ப்பது முதல் வேலை. மெசான் இந்த விடுபாட்டை மென்மையாகவே எடுத்துக்கொள்ளும்: கருவி இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு இலக்குகள் புறக்கணிக்கப்படும் என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு, பில்டை வெற்றிகரமாக முடித்துவிடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் பதிவில் அந்த ஒரு வரியை யாரும் பார்ப்பதில்லை. ஆட்டோடூல்ஸ் திட்டங்களில் கன்ஃபிகர் நிரலை மீண்டும் உருவாக்கும்போது ஆட்டோபாயிண்ட் கருவியும் தேவைப்படலாம்; டெபியனில் அது தனிப் பொதி. கன்ஃபிகர் முடிவில் என்எல்எஸ் (பன்மொழி ஆதரவு) பயன்பாடு குறித்து வரும் வரியில் ஆம் என்றிருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய பொதிகளின் விதிக் கோப்பில் டிசேபிள்-என்எல்எஸ் என்ற விருப்பம் எவராலோ எப்போதோ சேர்க்கப்பட்டு அப்படியே தங்கியிருப்பதும் உண்டு. அதற்கான காரணம் இன்றும் செல்லுமா என்று ஆராய்ந்து, செல்லாவிட்டால் நீக்குங்கள்.

பிஓ கோப்பில் ஃபஸ்ஸி என்று குறிக்கப்பட்ட பதிவுகள் இருக்கும். மூலச் சரம் மாறியபோது எம்எஸ்ஜிமெர்ஜ் கருவி பழைய மொழிபெயர்ப்புகளில் ஒத்துப்போவது போலத் தோன்றும் ஒன்றை ஊகமாக வைத்து, சரிபார்க்க வேண்டியது என்று இட்ட குறி அது. எம்எஸ்ஜிஎஃப்எம்டி இவற்றை எம்ஓவில் சேர்ப்பதில்லை. முழுமை விகிதத்தை உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் யூஸ்-ஃபஸ்ஸி விருப்பத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எழுத்தளவில் நெருங்கிய சரங்கள் பொருளளவில் எதிரெதிராக இருக்கலாம். மாற்றங்களைச் சேமிக்கலாமா என்று கேட்க வேண்டிய இடத்தில் மாற்றங்களைக் கைவிடலாமா என்ற கேள்வி வந்து நின்றால், பயனர் தம் வேலையையே இழப்பார். அதைவிட ஆங்கிலச் சரம் தெரிவதே மேல்.

இனி, மொழிபெயர்ப்பு நிரலையே நிலைகுலைக்கக்கூடிய ஓர் இடம். ஒரு நிரலில் ஆங்கிலச் செய்தி கோப்பின் பெயரை முதலிலும் வரி எண்ணைப் பின்னாலும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்புப் பெயருக்கு %எஸ், எண்ணுக்கு %டி என்ற இடப்பிடிகள் அதே வரிசையில் உள்ளன. தமிழில் மொழிபெயர்ப்பவர் தம் மொழியின் இயல்புப்படி எண்ணை முன்னாலும் பெயரைப் பின்னாலும் மாற்றி வைக்க விரும்பலாம். அப்போது இரண்டாம் மதிப்பு, முதல் மதிப்பு என்று %2$டி, %1$எஸ் வடிவில் எண்ணிட்டே எழுத வேண்டும். எண் இல்லாமல் வெறுமனே இடம் மாற்றிவிட்டால், சி நிரல் எண் ஒன்றை நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டு முறிந்துவிழும். அதுவும் தமிழில் இயக்கும்போது மட்டும். எம்எஸ்ஜிஎஃப்எம்டியை செக் விருப்பத்துடன் இயக்கினால், சரத்தில் சி-ஃபார்மட் குறி இருக்கும்வரை, இத்தகைய பிழையைக் கண்டு நிறுத்திவிடும். இரண்டு இடப்பிடிகளும் %எஸ் வகையாகவே இருந்து வரிசை மட்டும் மாறியிருந்தால் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. மொழி தெரிந்தவர் படித்துத்தான் அறிய முடியும்.

எல்லாப் பில்ட் அமைப்புகளும் இந்தச் சோதனையைத் தாமாகச் செய்வதில்லை. ஆகையால் பொதியின் சோதனைக் கட்டத்தில், ஒவ்வொரு பிஓ கோப்பையும் எம்எஸ்ஜிஎஃப்எம்டியின் செக் விருப்பத்துக்குள் அனுப்பும் சிறு சுழற்சி ஒன்றை எழுதிச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். வெளியீட்டுக் கோப்பாக /டெவ்/நல் கொடுத்தால் போதும். ஸ்டாடிஸ்டிக்ஸ் விருப்பத்தையும் சேர்த்தால், எத்தனை சரங்கள் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன, எத்தனை ஃபஸ்ஸி, எத்தனை விடுபட்டவை என்ற கணக்கு பில்ட் பதிவிலேயே நிற்கும். அடுத்த பதிப்பில் ஒரு மொழியின் எண்ணிக்கை திடீரெனச் சரிந்தால் காரணத்தைத் தேட அது உதவும். இந்தச் சோதனை பன்மை விதியையும் பார்க்கும்: தமிழ்க் கோப்பின் தலைப்பில் ப்ளூரல்-ஃபார்ம்ஸ் வரி இரண்டு வடிவங்கள் என்று சொன்னால், பன்மைப் பதிவுகளில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தாக வேண்டும்.

ஆட்டோடூல்ஸில் இன்னொரு தொல்லை, பில்டின்போதே பிஓ கோப்புகள் மாறிவிடுவது. மூலநிரல் கோப்பு பிஓடியைவிடப் புதியதாகத் தெரிந்தால், சில அமைப்புகளில் மேக் விதிகள் பிஓடியை மறுபடி உருவாக்கி எல்லாப் பிஓ கோப்புகளையும் புதுப்பிக்கத் தொடங்கிவிடும். உங்கள் ஒட்டு (பேட்ச்) ஒன்று சி கோப்பைத் தொட்டாலே இது தூண்டப்படலாம். விளைவாக, தலைப்பிலுள்ள பிஓடி உருவாக்கத் தேதி ஒவ்வொரு பில்டிலும் மாறும்; கெட்டெக்ஸ்டின் பழைய பதிப்புகளில் அது எம்ஓவுக்குள்ளும் போய், ஒரே மூலத்திலிருந்து ஒரே பொதி வர வேண்டும் என்ற மறுஉருவாக்கத் தன்மை கெட்டது. டெபியனில், மூல அடைவு மாறிவிட்டது என்று அடுத்த பில்டும் நின்றுபோகும். பில்டுக்கு முன்னும் பின்னும் பிஓ அடைவை ஒப்பிட்டு, மாறியிருந்தால் அந்த விதியை முடக்கிவிடுங்கள்.

பொதிக்குள் சேர்ப்பது

ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பொதி உலகில் இதற்கென்றே ஃபைண்ட்_லேங் என்னும் மேக்ரோ இருக்கிறது. பொதியின் விதிகளைக் கொண்ட ஸ்பெக் கோப்பில், இன்ஸ்டால் பகுதியின் கடைசியில், கோப்புகள் எல்லாம் நிறுவப்பட்ட பிறகு, டொமைன் பெயருடன் அதை அழைக்க வேண்டும். அது எம்ஓ கோப்புகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் அதன் மொழிக்குறியை இணைத்து, டொமைன் பெயரும் லேங் என்ற பின்னொட்டும் கொண்ட பட்டியல் கோப்பில் எழுதும். ஃபைல்ஸ் பகுதியில் எஃப் விருப்பத்துடன் அந்தப் பட்டியலைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. க்னோம் உதவிப் பக்கங்களுக்கு வித்-க்னோம், கியூடி என்னும் இடைமுக நூலகத்தின் கோப்புகளுக்கு வித்-கியூடி, மொழிபெயர்த்த கையேட்டுப் பக்கங்களுக்கு வித்-மேன் ஆகிய விருப்பங்கள் உண்டு. பல டொமைன்கள் இருந்தால் ஆல்-நேம் உதவும்.

பட்டியலில் இடப்படாத கோப்புகள் இருக்கின்றன என்று ஆர்பிஎம் பிழை காட்டியதும், லோகேல் அடைவு முழுவதையும் நட்சத்திரக் குறியால் ஃபைல்ஸ் பகுதியில் சேர்த்து வாயடைத்துவிடுவது புதியவர்களின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். மொழிக்குறி இல்லாமல் போவதால், _இன்ஸ்டால்_லேங்ஸ் போன்ற அமைப்பின் வழியாகத் தமக்கு வேண்டிய மொழிகளை மட்டும் நிறுவ விரும்புபவரின் தேர்வு செயலற்றுப்போகும். அமைப்புக்குப் பொதுவான அடைவுகளுக்கும் உங்கள் பொதி உரிமை கொண்டாடத் தொடங்கும். ஃபைண்ட்_லேங்கில் இன்னொரு நன்மை, ஒரு மொழிபெயர்ப்பும் கிடைக்காவிட்டால் அது பில்டையே நிறுத்திவிடும் என்பது. நமக்கு வேண்டிய சத்தம் அதுதான்.

டெபியனில் ஒற்றைப் பொதி என்றால் டெப்ஹெல்பர் என்னும் பொதியாக்கக் கருவித்தொகுப்பு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் எம்ஓ கோப்புகள் வரவில்லையென்றாலும் அது புகார் சொல்லாது. பெரிய மென்பொருள்களில் எம்ஓ கோப்புகளைச் செயலிக் கட்டமைப்பைச் சாராத டேட்டா அல்லது காமன் பொதியில் வைப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதே கோப்புகளைத் திரும்பத் திரும்பச் சேமிக்க வேண்டியதில்லை. லிப்ரெஆஃபிஸ் போன்றவற்றில் மொழிக்கு ஒரு பொதி என்றே பிரிக்கிறார்கள். பிரிப்பதானால், முதன்மைப் பொதியோடு மொழிப் பொதியும் நிறுவப்பட வழியுண்டா என்று யோசியுங்கள். பயனர் தாமே தேடி நிறுவ வேண்டிய நிலையில் விடப்பட்ட மொழிபெயர்ப்பு பெரும்பாலும் நிறுவப்படுவதில்லை.

ஓபன்சூசேயில் லேங்_பேக்கேஜ் மேக்ரோ மொழிக் கோப்புகளைத் துணைப்பொதியாக்குகிறது. ஆல்பைனில் துணைப்பொதிகளின் பட்டியலில் லேங் பின்னொட்டைச் சேர்த்தால் போதும். உபுண்டுவின் முதன்மைக் களஞ்சியத்தில் முறையே வேறு: பில்டின்போது மொழிபெயர்ப்புகள் பொதியிலிருந்து உரித்தெடுக்கப்பட்டு, மொழிவாரியான லேங்வேஜ்-பேக் பொதிகள் வழியாகத் தனியே வழங்கப்படுகின்றன. அங்கே பொதிக்குள் எம்ஓ கோப்பைக் காணவில்லை என்று பதற வேண்டாம்.

டெபியனில், பொதியை நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் சரங்களும் மொழிபெயர்ப்புக்கு உரியவையே. அவற்றின் பிஓ கோப்புகள் டெபியன்/பிஓ அடைவில் இருக்கும். கேள்வியின் ஆங்கில வாசகத்தை மாற்றினால் டெப்கான்ஃப்-அப்டேட்பிஓ கட்டளையை இயக்கியாக வேண்டும். பிறகு பிஓடெப்கான்ஃப்-ரிப்போர்ட்-பிஓ கருவி, முன்பு மொழிபெயர்த்தவர்களுக்குப் புதுப்பிக்கும்படி மடல் அனுப்ப உதவும். அவர்களுக்குப் போதிய அவகாசம் கொடுத்த பிறகே பதிப்பை ஏற்றுங்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துவதற்காகக்கூட அறிவிக்காமல் வாசகத்தை மாற்றினால், எல்லா மொழிகளிலும் அந்தக் கேள்வி ஃபஸ்ஸியாகி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும்.

கெட்டெக்ஸ்டுக்கு வெளியே

கியூடி நிரல்களில் டிஎஸ் கோப்பு மூலம்; எல்ரிலீஸ் கருவி அதைக் க்யூஎம் கோப்பாக்கும். அதைத் தரும் கியூடி கருவிப் பொதியைப் பில்ட் சார்பில் சேருங்கள். பைத்தான் திட்டங்களில் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை: செட்அப்டூல்ஸ் தானாகவே எம்ஓ கோப்புகளைத் தொகுப்பதில்லை. பேபல் அல்லது ஜாங்கோவின் தொகுப்புக் கட்டளையை நீங்களே பில்டுக்கு முன் இயக்க வேண்டியிருக்கலாம். கோப்புகளும் பொது லோகேல் அடைவில் அல்லாமல் சைட்-பேக்கேஜஸ் அடைவுக்குள் இருக்கக்கூடும். டெஸ்க்டாப் கோப்பிலும் ஆப்ஸ்ட்ரீம் கோப்பிலும் உள்ள தமிழ் வரிகளையும் திறந்து பாருங்கள். பட்டியலில் நிரலின் பெயரும் மென்பொருள் அங்காடியில் அதன் விவரமும் வருவது அங்கிருந்துதான். நிரலைத் திறக்குமுன் பயனர் பார்ப்பது அவற்றையே.

நிறுவிப் பார்ப்பது

பொதியின் கோப்புப் பட்டியலில் எம்ஓ இருப்பது மட்டும் போதாது. நிறுவி, தமிழில் இயக்கிப் பார்க்க வேண்டும். இங்கே பலர் தடுமாறுவது, சோதனைக் கணினியில் தமிழ் லோகேலே இல்லாமல் இருப்பதால். லோகேல் கட்டளையை ஏ விருப்பத்துடன் இயக்கி, பட்டியலில் டிஏ_ஐஎன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபெடோராவில் க்ளிப்சி-லேங்பேக்-டிஏ பொதியை நிறுவுங்கள். டெபியனில் லோகேல்ஸ் பொதியை மறுஅமைப்புச் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். லோகேல் இல்லாவிட்டால் நிரல் சி லோகேலுக்கு இறங்கிவிடும். சி லோகேலில் கெட்டெக்ஸ்ட் எதையும் மொழிபெயர்க்காது, லேங்வேஜ் மாறியையும் பொருட்படுத்தாது. எல்சி_ஆல் மாறி முன்பே அமைக்கப்பட்டிருந்தால் அது மற்றவற்றை மீறிவிடும் என்பதால் அதையும் நீக்கிவிட்டு, லேங் மாறிக்கு டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8 என்று கொடுத்து நிரலை முனையத்திலிருந்து தொடங்குங்கள்.

அப்போதும் ஆங்கிலமே வந்தால், நிரலின் கணினி அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியில், கோப்பைத் திறக்கும் ஓபன்அட் அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நிரல் எந்தப் பாதையில், எந்தப் பெயருள்ள எம்ஓவைத் தேடி ஏமாறுகிறது என்பது வரி வரியாகத் தெரியும். /யுஎஸ்ஆர்/லோக்கல் என்று தொடங்கினால் ப்ரிஃபிக்ஸ் (நிறுவலின் அடிப்பாதை) தவறு. பில்ட் செய்த தற்காலிக அடைவின் பெயர் தெரிந்தால், நிறுவும் இடத்தை டெஸ்ட்டிர் வழியாகத் தராமல் ப்ரிஃபிக்ஸாகவே தந்துவிட்டார்கள் என்று பொருள். பாதை சரி, கோப்பின் பெயர் வேறு என்றால் டொமைன் மாறியிருக்கிறது. எம்ஓ திறக்கப்பட்டும் குறிப்பிட்ட சரம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால், எம்எஸ்ஜிஅன்எஃப்எம்டி கொண்டு எம்ஓவைத் திரும்பப் பிரித்து, அந்தச் சரம் உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள்.

புதிய பதிப்புக்கு உயர்த்தும்போதெல்லாம் பழைய பொதியையும் புதியதையும் டெப்டிஃப், ஆர்பிஎம்டிஃப் போன்ற கருவியால் ஒப்பிடுங்கள். லோகேல் அடைவின் கீழ் ஒரு வரி நீங்கியிருந்தாலும் காரணம் தெரியாமல் பதிப்பை ஏற்ற வேண்டாம். போதிய அளவு மொழிபெயர்க்கப்படாததால் திட்டத்தாரே நீக்கியிருக்கலாம். அப்படியானால் அது மாற்றப் பதிவிலோ கிட் வரலாற்றிலோ இருக்கும்.

திருத்தம் போக வேண்டிய இடம்

மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் அதைப் பொதியின் ஒட்டாக வைத்துக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள். பிஓ கோப்பில் வரி எண் குறிப்புகள் ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறுவதால், அத்தகைய ஒட்டு அடுத்த பதிப்பிலேயே பொருந்தாமல் போகும். உங்கள் திருத்தம் மற்ற வழங்கல்களின் பயனர்களுக்கும் சேராது. திட்டம் வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தைப் பயன்படுத்தினால் அங்கேயே திருத்துங்கள். கிட்டில் நேரடியாக மாற்றினால் தளத்தோடு முரண்படலாம். பிஓ கோப்பின் தலைப்பில் லாஸ்ட்-ட்ரான்ஸ்லேட்டர், லேங்வேஜ்-டீம் ஆகிய வரிகள் யாரை அணுகுவது என்று சொல்லும். நிரலை முறிக்கும் இடப்பிடிப் பிழையை மட்டும் உடனடியாகப் பொதியில் ஒட்டுங்கள். ஒட்டின் தலைப்பிலேயே திட்டத்தாருக்கு அனுப்பிய அறிக்கையின் முகவரியை எழுதி, அவர்கள் ஏற்ற பதிப்பு வந்ததும் ஒட்டை நீக்கிவிடுங்கள்.